ஸ்பிட்டிக்குப் போவதாக இருக்கிறோம்

எங்கள் குடும்பத்தில் ஒரு பயணம் முடிவாவதற்கு முன்பே அதற்கொரு வாட்ஸ்அப் குழு பிறந்துவிடும். இந்த முறை அதன் பெயர் ‘ஸ்பிட்டி சலோ’. ஸ்பிட்டி என்பது இமாச்சலப் பிரதேசத்தில் இருக்கும் ஒரு மலைப் பள்ளத்தாக்கு. பெயர் வைத்தது அக்கா வீட்டுக்காரர். கொஞ்ச காலம் பூனாவில் வேலை பார்த்தவன், அதனால் இந்தி வரும் என்ற ஒரே தகுதிக்காக என்னை அட்மின் ஆக்கினார்கள். பெரிய பதவி என்று யாரும் பொறாமைப்பட வேண்டாம். பாளையங்கோட்டையில் கிளம்பும் சந்தேகங்களை இமயமலையில் இருக்கும் ஒரு டாக்ஸிக்காரரிடம் போன் போட்டுக் கேட்டு, அவர் சொன்னதைத் தமிழில் சொல்லித் திட்டு வாங்குவதுதான் வேலை.

குழுவில் முதலில் விழுந்தது கீ மடாலயத்தின் படம். ஒரு குன்று, அதன்மேல் அடுக்கடுக்காக வெள்ளைக் கட்டடங்கள், பின்னால் மண் நிறத்தில் மலைகள். கடல் மட்டத்திலிருந்து 4,166 மீட்டர். அத்தான் இதயமெல்லாம் போட்டு அனுப்பியிருந்தார். அத்தை உடனே வாய்ஸ் மெசேஜில் வந்துவிட்டாள். “என்னல இது, ஒரு மரத்தையும் காணோம்! நம்ம வல்லநாட்டு மலை மாதிரி மொட்டையால்லா கிடக்கு. இதப் பாக்கவா அவ்வளவு துட்டு?”

அத்தை சொன்னதில் தப்பில்லை. ஸ்பிட்டி மழை மறைவுப் பகுதி. பருவமழை மேகங்கள் தெற்கே இருக்கும் மலைகளிலேயே கொட்டித் தீர்த்துவிட்டு வெறுங்கையோடுதான் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும். அதனால்தான் அது குளிர் பாலைவனம். இதை நான் நாலு வரியில் விளக்கி எழுதினேன். அதற்கு யாரும் பதில் போடவில்லை. அடுத்து அக்கா ஒரு புடவைப் படம் போட்டு ‘இந்தக் கலர் அங்கே எடுக்குமா?’ என்று கேட்டதற்குச் சரமாரியாகப் பதில் வந்தது.

அடுத்தது எப்படிப் போவது என்ற பிரச்சினை. சித்தப்பாவுக்குக் காரிலேயே போய்விட வேண்டும். “என்.ஹெச். 44 நம்ம ஊரு வழியாத்தான் போகுது. ஏறி உக்காந்தா அம்பாலா வரைக்கும் ஸ்டியரிங்கைத் திருப்பவே வேண்டாம், பாத்துக்கோ” என்றார். உண்மையில் அந்தச் சாலை கன்னியாகுமரியில் தொடங்கி ஸ்ரீநகர் வரை போகிறதுதான். ஆனால் சித்தப்பா கயத்தாறு தாண்டுவதற்குள் மூன்று இடத்தில் டீ குடிப்பவர். அந்த வேகத்தில் போனால் நாங்கள் போய்ச் சேருவதற்குள் அங்கே பனி விழுந்து பாதை மூடியிருக்கும். அத்தைக்கோ விமானம் ஆகாது. அவளுக்குத் திருக்குறள் எக்ஸ்பிரஸ்தான். வாரம் இரண்டு முறை திருநெல்வேலி வழியாகப் போகிறது, இரண்டு இரவு தூங்கி எழுந்தால் டெல்லி, புளியோதரை கட்டிக்கொள்ளலாம் என்று வண்டியின் சார்பில் வாதாடினாள்.

டெல்லி வரைக்கும் உள்ள சண்டையே இப்படி என்றால், அதற்கு மேல் உள்ளதை யோசித்துக்கொள்ளுங்கள். ஸ்பிட்டிக்கு இரண்டு வழி. ஒன்று, சிம்லாவிலிருந்து கின்னௌர் வழியாகச் சட்லெஜ் ஆற்றை ஒட்டி மெதுவாக ஏறிப் போவது. இன்னொன்று, மணாலியிலிருந்து அடல் சுரங்கப்பாதைக்குள் புகுந்து குன்சும் கணவாய் ஏறிக் குதிப்பது. ஒன்பது கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சுரங்கப்பாதையை 2020 அக்டோபரில் திறந்தார்கள். அத்தான் மணாலி கட்சி. அவர் ஏற்கெனவே எக்ஸெல் ஷீட் போட்டுவிட்டார். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கட்டம் கட்டியிருந்ததைத் திறந்தால் ரேஷன் கார்டும் ஹோலிப் பண்டிகையும் கலந்த மாதிரி இருந்தது. அதன்படி டெல்லியில் இறங்கிய கையோடு மணாலி, விடிந்ததும் சந்திரதால் ஏரி, அங்கேயே கூடாரத்தில் தூக்கம்.

நான் ஸ்பிட்டியின் முக்கிய ஊரான காசாவில் இருக்கும் டாக்ஸிக்காரருக்குப் போன் போட்டேன். மனிதர் தங்கமானவர். அவரிடம் எதைக் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: “ஹோ ஜாயேகா ஜி.” ஆகிவிடும்ங்க. மணாலி வழியில் கிராம்பூவிலிருந்து பாத்தல் வரைக்கும் ரோடு எப்படி என்று கேட்டேன். “ரோடு ஹை ஜி” என்றார். ரோடு இருக்கிறதாம். நல்ல ரோடா என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மறுபடியும், “ரோடு ஹை” என்றார். இருப்பதை மட்டும் சொல்லும் அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. சுமார் ஐம்பது கிலோமீட்டர்தான் தூரம். ஆனால் கல்லும் ஓடைத் தண்ணீருமாக அரை நாளைத் தின்றுவிடும் என்பதை அவர் சிரித்த சிரிப்பிலிருந்து தெரிந்துகொண்டேன்.

பஞ்சாயத்தைத் தீர்த்து வைத்தவர் எங்கள் குடும்ப டாக்டர். பெரியப்பாவுக்கு பி.பி. இருப்பதால் கேட்டுவிட்டு வரலாம் என்று போனோம். ‘பாதுகாப்புக்கு’ என்று அத்தானும் கூட வந்தார். தினமும் ஜிம்முக்குப் போகிறவர் அவர். பெரியப்பா காலையில் வ.உ.சி. மைதானத்தைச் சுற்றி நடப்பதோடு சரி. டாக்டர் இருவரையும் பார்த்துவிட்டு, 2,500 மீட்டருக்கு மேல் போனால் யாருக்கு வேண்டுமானாலும் தலைவலி, வாந்தி வரலாம், அதற்கு வயசும் கிடையாது உடற்பயிற்சியும் கிடையாது, எவ்வளவு வேகமாக ஏறுகிறோம் என்பதுதான் கணக்கு என்றார். “இன்னும் சொல்லப்போனா, நமக்கு ஒண்ணும் ஆகாதுன்னு விறுவிறுன்னு ஏறுற இளவட்டங்கதான் முதல்ல படுக்கும்.”

அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்தபோது பெரியப்பா முகத்தில் இருந்த பூரிப்பை அவருக்குப் பென்ஷன் உயர்ந்த நாளில்கூட நான் பார்த்ததில்லை.

மணாலி வழியாகப் போனால் சுமார் 2,000 மீட்டரில் கிளம்பி ஒரே நாளில் 4,551 மீட்டர் குன்சும் கணவாயில் நிற்க வேண்டும். சிம்லா வழியில் கல்பாவில் ஒரு தூக்கம், நாக்கோவில் ஒரு தூக்கம், தாபோவில் ஒரு தூக்கம் என்று உடம்பு பழகிப் பழகி ஏறும். திரும்பும்போது குன்சும் வழியாக இறங்கிக்கொள்ளலாம். அத்தானின் எக்ஸெல் ஷீட்டைத் தலைகீழாக வரிசைப்படுத்தினால் இதுதான் வரும். அதைச் சொன்னதும் அவர் சமாதானமாகிவிட்டார். கட்டங்களின் நிறத்தை மட்டும் மாற்ற விடவில்லை. உயரத்தில் வரும் தலைவலி, வாந்திக்கான மாத்திரையைப் பற்றிக் கேட்டபோது அத்தைக்கு சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாது என்பது தெரிய வந்தது. இந்தப் பயணத்தால் ஏற்கெனவே நடந்திருக்கும் ஒரே உருப்படியான காரியம் அது.

தேதிதான் பெரும்பாடு. கோடை விடுமுறையில் போகலாம் என்றால் மே மாதத்தில் குன்சும் திறந்திருக்கும் என்று நம்ப முடியாது. ஜூனில் திறக்கும்போது இங்கே பள்ளிக்கூடமும் திறந்துவிடும். மலையும் கல்வித் துறையும் கலந்து பேசிக்கொள்வதே இல்லை. மிச்சம் இருப்பது காலாண்டு விடுமுறை. செப்டம்பர் கடைசி, நல்ல வானம், கின்னௌரில் ஆப்பிள் பறிக்கும் நேரம். எல்லாம் பொருந்தி வந்தது. அப்போதுதான் சித்தப்பா தொண்டையைச் செருமினார்.

“குலசை தசரா இருக்குல்லா.”

சித்தப்பா ஆண்டுதோறும் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மனுக்கு மாலை போட்டுக் காளி வேஷம் கட்டுகிறவர். சூரசம்ஹாரம் பார்க்காமல் இமயமலை என்ன, கைலாசமே கூப்பிட்டாலும் போக மாட்டார். தசரா முடிந்து கிளம்பலாமா என்றால் அக்டோபர் பாதியாகிவிடும், கணவாயில் எப்போது பனி கொட்டும் என்று சொல்ல முடியாது. டாக்ஸிக்காரரிடம் கேட்டேன். “ஹோ ஜாயேகா” என்றவர், “மௌசம் பே ஹை ஜி” என்று முதல் முறையாகப் பொறுப்பை வானிலையின் தலையில் வைத்தார். கடைசியில் சித்தப்பா, “நீங்க போயிட்டு வாங்க, நான் அம்மன்கிட்ட உங்களுக்கும் சேத்து வேண்டிக்கிடுதேன்” என்று விலகிக்கொண்டார். குழுவிலிருந்து அல்ல, பயணத்திலிருந்து மட்டும். அதற்குப் பிறகுதான் அவர் யோசனைகள் இரண்டு மடங்கு ஆயின. எந்தச் சீட்டில் யார் உட்கார வேண்டும் என்பது வரைக்கும் போய்விட்டார். காலாண்டு விடுமுறை போதாமல் வருவதால் அக்கா மகளுக்கு வைரல் காய்ச்சல் வரவேண்டிய தேதியையும் அவர்தான் குறித்துக் கொடுத்தார்.

அவள் எட்டாம் வகுப்பு. லாங்சா கிராமத்தில் கடல்வாழ் உயிரினங்களின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன, இமயமலை எழுவதற்கு முன் அங்கே டெத்திஸ் என்று ஒரு கடல் இருந்தது என்று படித்துவிட்டு அதைப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறாள். “கடல் பாக்கணும்னா மணப்பாடு போதாதா? ஒண்ணரை மணி நேரத்துல போயிரலாமே” என்றார் பெரியப்பா.

கியூ கிராமத்து மம்மியைப் பார்ப்பதில் பெரிய தடங்கல் வந்தது. “நவராத்திரி சமயத்துல பொணத்தைப் பாக்கவால கூட்டிட்டுப் போற?” என்று அத்தை கொதித்துவிட்டாள். அது சும்மா பிணம் இல்லை, உட்கார்ந்த நிலையிலேயே உயிர் விட்ட புத்த பிட்சு, சுமார் ஐந்நூறு வருஷப் பழசு, 1975 நிலநடுக்கத்துக்குப் பிறகுதான் வெளியே தெரிய வந்தது, பல்லும் முடியும் அப்படியே இருக்கின்றன என்று அக்கா விளக்கினாள். அத்தை கொஞ்சம் அடங்கினாள். “அப்போ ஜீவசமாதின்னு சொல்லு. அதைச் சொல்லாம மம்மி கிம்மின்னுக்கிட்டு! முதல்ல அங்க போயிட்டுத்தான் மத்த இடம்.” எக்ஸெல் ஷீட்டில் கியூ சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறியது.

பெரியப்பாவுக்கு மடாலயமும் வேண்டாம், ஏரியும் வேண்டாம். தாபோ மடாலயம் 996-ஆம் ஆண்டில் கட்டியது, சுவரோவியங்களைப் பார்த்துவிட்டு இமயத்தின் அஜந்தா என்கிறார்கள் என்றேன். “சரி சரி, போற வழிதானே” என்றார். அவர் போவது ஹிக்கிம் தபால் நிலையத்துக்கு. 14,567 அடி உயரத்தில், 1983-இலிருந்து இயங்கும் கிளை. பெரியப்பா போஸ்ட்மாஸ்டராக ஓய்வு பெற்றவர். அதன் பின்கோடு 172114 என்பது எங்கள் யாருக்கும் தெரியாத காலத்திலேயே அவருக்குத் தெரியும். அங்கிருந்து தபால் பையைத் தோளில் சுமந்து காசாவுக்கு நடந்தே இறங்குவார்கள் என்று படித்த நாளிலிருந்து, கீழே வேலை பார்த்த தன் சக ஊழியர்களைப் பற்றி அவருக்கு இருந்த அபிப்பிராயம் இன்னும் மோசமாகிவிட்டது. இப்போது அங்கே பெரிய தபால் பெட்டி வடிவத்தில் ஒரு கட்டடம் கட்டியிருக்கிறார்கள். அந்தப் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, “போஸ்ட் ஆபீஸ்னா போஸ்ட் ஆபீஸ் மாதிரி இருக்கணும். டேட் ஸ்டாம்ப்பாவது ஒழுங்கா விழுதான்னு போய்ப் பாப்போம்” என்றார். இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போகிறார் என்று நினைக்கிறேன்.

போன வாரம் அவர் மேஜையில் ஐம்பது பைசா போஸ்ட் கார்டுகள் ஒரு கட்டு இருந்தன. எடுத்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் விலாசம் எழுதியாகிவிட்டது. திருப்பினால் விஷயமும் எழுதியாகிவிட்டது. ‘நலம். நலமறிய ஆவல். ஹிக்கிம் பத்திரமாக வந்து சேர்ந்தோம். இங்கு குளிர் அதிகம். எனக்கு மூச்சுவிடச் சிரமம் ஏதும் இல்லை. மாப்பிள்ளைக்குத்தான் தலைவலி.’

“பெரியப்பா, இன்னும் டிக்கெட்டே போடலையே?”

“அங்க போய்க் கையுறையக் கழட்டிட்டு எழுத முடியுமாடே? விரல் விறைச்சிரும்லா. ஸ்டாம்ப் மட்டும் அங்க விழுந்தாப் போதும்.”

ஒரு கார்டு அவர் பெயருக்கே இருந்தது. எத்தனை நாளில் வந்து சேருகிறது என்று பார்ப்பதற்காம்.

அம்மா இத்தனை கூத்துக்கும் நடுவில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “அங்க சோறு வேகுமால?” எல்லோரும் சிரித்தார்கள். அத்தான் சிரிக்கிற பொம்மையை வரிசையாக ஆறேழு போட்டார். எனக்கு மட்டும் ஒரு உறுத்தல். தேடிப் பார்த்தேன். உயரம் கூடக்கூடக் காற்றழுத்தம் குறையும், ஆயிரம் அடிக்குச் சுமார் ஒரு டிகிரி வீதம் தண்ணீரின் கொதிநிலையும் இறங்கும். காசா இருப்பது சுமார் பன்னிரண்டாயிரம் அடியில். அங்கே தண்ணீர் எண்பத்தெட்டு டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கும், ஆனால் சோறும் பருப்பும் சட்டென்று வேகாது. குழுவில் இதைப் போட்டதும் சத்தமே இல்லை. அம்மா மட்டும், “பொங்குறவளுக்குத் தெரியும்” என்று எழுதிவிட்டுப் போய்விட்டாள்.

உடனே நாங்கள் தங்கப்போகும் ஹோம்ஸ்டே அம்மாவுக்குப் போன் போடச் சொன்னாள். போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு இந்தி தெரியாது. நடுவில் நான். அரிசி என்ன ரகம், பருப்புக்கு எத்தனை விசில், மாவு புளிக்குமா என்று போய்க்கொண்டே இருந்தது. மாவு என்ற சங்கதி மட்டும் அந்த அம்மாவுக்குப் பிடிபடவில்லை. மற்றபடி, குக்கர் இல்லாமல் இங்கே எந்த வீட்டிலும் அடுப்பே எரியாது என்று சொல்லிச் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் என்னை விட்டுவிட்டு இரண்டு பேரும் ‘விசில்’, ‘குக்கர்’, ‘கேஸ்’ என்ற மூன்று வார்த்தைகளிலேயே பேசிக்கொள்ளத் தொடங்கிவிட்டார்கள். நான் எழுந்து போய்க் காபி போட்டுக் குடித்துவிட்டு வந்தேன். இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

வைத்ததும் அம்மாவைக் கேட்டேன். “அப்போ நம்ம குக்கரைத் தூக்கிட்டுப் போக வேண்டாம்தானே?”

“குக்கர் வேண்டாம்” என்றாள். “எதுக்கும் கேஸ்கட் மட்டும் புதுசு ஒண்ணு வாங்கிட்டு வா. அவ குக்கர் அஞ்சு லிட்டராம்.”