சாரல் காலத்தில் மறுபடியும் ஏர்பிரஷ்

செங்கோட்டையில் ஆனி, ஆடி மாதங்களில் துவைத்த துணி காய ரெண்டு நாள் ஆகும். ஆரியங்காவுக் கணவாயில் புகுந்து வரும் காற்று சாரலையும் சேர்த்துக் கூட்டி வந்துவிடும். குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்கு அது கொண்டாட்டம். பெயின்ட் அடிக்கிறவர்களுக்கு வருஷத்திலேயே கஷ்டமான காலம் அதுதான். நான் பல வருஷம் மூடி வைத்திருந்த, காற்றால் பெயின்ட் ஊதுகிற ஏர்பிரஷ்ஷை மறுபடி வெளியே எடுத்தது சரியாக இந்தக் காலத்தில். "மாசி, பங்குனி வரட்டும், அப்போ அடிச்சுக்கலாம்" என்று வீட்டில் சொன்னார்கள். ஆசை வந்த பிறகு அத்தனை மாதம் தள்ளிப்போட மனசு வரவில்லை. அதனால் இதில் பெயின்டைவிட, காற்றையும் அதில் இருக்கிற தண்ணீரையும் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன்.

அடிப்பது ஒரு மாடல் ரயில் பெட்டிக்கு. கொல்லம்–செங்கோட்டை மீட்டர் கேஜ் பாதை 1904-ல் திறந்தது. மலைப் பகுதியில் 2010-ல் ரயிலை நிறுத்தி, அகலப்பாதையாக மாற்றி, 2018-ல் மறுபடி விட்டார்கள். பகவதிபுரம் தாண்டி, மலைக்குள் புகுந்து, கழுதுருட்டிப் பக்கம் பதிமூன்று கண் பாலத்தில் அந்தச் சின்ன ரயில் மெதுவாகப் போகும்போது ஜன்னல் ஓரத்து சீட்டுக்குச் சண்டை போட்டவர்கள் எங்கள் ஊரில் நிறைய. அந்தப் பெட்டிகளில் ஒன்றை 1:87 அளவில் பிளாஸ்டிக் ஷீட் வெட்டி ஒட்டிச் செய்து வைத்திருந்தேன். அந்த அளவில் 1000 மில்லிமீட்டர் பாதை 11.5 மில்லிமீட்டருக்குச் சுருங்கிவிடும். கடையில் கிடைக்கிற 12 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் நிற்க வைக்கலாம். உடம்பு முழுக்கக் கட்டி முடித்தாயிற்று. அப்புறம் வேலை, வீடு, பிள்ளைகள் படிப்பு என்று நாள் ஓடிவிட்டது. பெட்டி வெள்ளை பிளாஸ்டிக்காகவே அலமாரியில் நின்றது.

பிரஷ்ஷால் அடித்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. 1:87-ல் ஜன்னல் சட்டம் ஒரு நூல் அகலம்கூட வராது. பிரஷ் விடுகிற பெயின்ட் அந்த விளிம்புகளில் தேங்கி, ரிவெட் புள்ளிகளை மூடிவிடும். ஏர்பிரஷ் விடுவது பொடிப்பொடித் துளிகள். மெல்லிசாகப் படிந்து, கீழே இருக்கிற ஒவ்வொரு கோட்டையும் அப்படியே விட்டுவைக்கும். அதற்காகத்தான் இத்தனை பாடும்.

முதலில் ஏர்பிரஷ்ஷைப் பிரித்தேன். என்னுடையது டபுள் ஆக்‌ஷன், மேலே கப் வைத்தது, 0.3 மில்லிமீட்டர் ஊசி. 1890-களில் அமெரிக்கரான சார்லஸ் பர்டிக் காப்புரிமை வாங்கிய ஏர்பிரஷ்ஷிலும் நடுவில் ஊசி, உள்ளேயே காற்றும் பெயின்டும் சேர்வது என்ற ஏற்பாடுதான். விசையை அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் பெயின்ட். அவ்வளவு சுலபமான அமைப்பு என்பதால், கெட்டுப்போவதற்கும் இடங்கள் குறைவு: நாசில் (பெயின்ட் வெளியே வரும் சின்னத் துளை முனை), ஊசி முனை, உள்ளே இருக்கிற வாஷர்கள். நாசிலை மட்டும் கழற்றி ஒரு சின்ன கண்ணாடிக் குப்பியில் லேக்கர் தின்னர் ஊற்றி ஊறவைத்தேன். முழு ஏர்பிரஷ்ஷையும் தின்னரில் முக்கக் கூடாது. ரப்பர் வாஷர் இருந்தால் ஊதிப்போய், விசை இறுகிவிடும். ஊறியதும் பழைய பெயின்ட் கறுப்புப் படலமாக உரிந்து வந்தது.

ஊசி முனையைக் கண்ணால் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. விரல் நகத்தின் மேல் லேசாகப் படுக்கவைத்து, உருட்டிக்கொண்டே இழுக்க வேண்டும். வளைவு இருந்தால் ஒரு இடத்தில் நகத்தைச் சுரண்டும். என்னுடையதில் துளி வளைவு இருந்தது. அதை விட்டால் கோடு ஒரு பக்கமாகவே சாயும். கண்ணாடித் துண்டின் மேல் வைத்து, முனையைக் கரண்டிப் பிடியின் தட்டைப் பக்கத்தால் அழுத்தி உருட்டி நிமிர்த்தினேன். பிறகு 2000 நம்பர் உப்புத்தாளில் தண்ணீர் தொட்டுத் தேய்த்தேன். கப்பில் தண்ணீர் ஊற்றி ஊதியபோது குமிழி வந்தது. கப்பில் குமிழி வந்தால் பெரும்பாலும் ரெண்டு காரணம்தான்: நாசில் அடைத்திருக்கும், இல்லை நாசில் உட்காரும் இடத்தில் காற்று கசிந்து கப்புக்குத் திரும்பும். அடைப்பைத்தான் எடுத்துவிட்டோமே, அப்படியானால் கசிவு. அந்த இடத்து வாஷரை மாற்றியதும் குமிழி நின்றது.

இனி கம்ப்ரஸர். மூன்று லிட்டர் டேங்க் வைத்த சின்ன பிஸ்டன் கம்ப்ரஸர். 4 பார் ஆனால் தானாக நிற்கும், 3 பாருக்கு இறங்கினால் மறுபடி ஓடும். டேங்க் அடியில் இருக்கிற திருகைத் திறந்ததும் துரு நிறத்தில் தண்ணீர் வந்தது. எவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 26 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் சுமார் 24 கிராம் நீராவியைத் தாங்கும். சாரல் நாளில் ஈரப்பதம் 90 சதவீதம் என்றால் 22 கிராம் அதில் இருக்கிறது. அந்தக் காற்றை 4 பாருக்கு (வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்தால் 5) அழுத்தினால் அது ஐந்தில் ஒரு பங்கு இடத்துக்குள் வந்துவிடும். ஆறியதும் 5 கிராமைத்தான் தாங்கும். மீதி 17 கிராம் தண்ணீராக இறங்க வேண்டியதுதான். என் கம்ப்ரஸர் நிமிஷத்துக்கு 20 லிட்டர் இழுக்கும். நிற்காமல் ஒரு மணி நேரம் ஓடினால் கிட்டத்தட்ட 20 மில்லி தண்ணீர், அதாவது நாலு டீஸ்பூன்! ஒரு சொட்டு போதும் சிவப்பு பெயின்டில் அம்மைத் தழும்பு விழ.

கம்ப்ரஸரோடு கூடவே ஒரு தண்ணீர் வடிகட்டி வரும். அதை நம்பி இங்கே பயனில்லை என்பது என் அபிப்பிராயம். காரணம், அது கம்ப்ரஸருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அழுத்தும்போது காற்று சூடாகிவிடும். சூடான காற்றில் தண்ணீர் ஆவியாகவே இருப்பதால் வடிகட்டியைச் சும்மா கடந்துபோய், ஹோஸில் ஆறி, கைப்பிடிக்கு வரும்போதுதான் சொட்டாக மாறும். அதனால் காற்றை முதலில் ஆறவைத்து, பிறகு வடிகட்ட வேண்டும். ஆறு மில்லிமீட்டர் ஹோஸை நீளமாக வாங்கிச் சுருட்டி, கிணற்றுத் தண்ணீர் வாளிக்குள் அமுக்கி வைத்தேன். வாளியை விட்டு வெளியே வரும் இடத்தில், லேத் பட்டறைகளில் மாட்டுகிற வாட்டர் செபரேட்டர் ஒன்று. அதிலிருந்து மேல்நோக்கி ஏர்பிரஷ்ஷுக்குச் சின்ன ஹோஸ். இந்த ஏற்பாட்டுக்குப் பிறகு செபரேட்டரின் கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர் சேர்வது கண்ணுக்குத் தெரிகிறது. ஏர்பிரஷ்ஷில் ஒரு சொட்டும் இல்லை.

ஆனால் ஹோஸில் வரும் காற்றைக் காயவைத்தால் பாதிப் பிரச்சினைதான் தீரும். அறையில் இருக்கிற காற்று ஈரமாகத்தானே இருக்கிறது? இதற்கு வழி சொன்னவர் லாரி பட்டறை அண்ணாச்சி. புளியரை செக்போஸ்ட் வழியாகக் கேரளா போகிற லாரிகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். ஒரு காலத்தில் டூரிஸ்ட் பஸ்களுக்கு ஏர்பிரஷ்ஷில் படமும் வரைந்தவர். புலி, கழுகு, கதகளி முகம் என்று அவர் கைவண்ணம் கொல்லம் வரைக்கும் ஓடியது. 2022-ல் கேரளத்தில் டூரிஸ்ட் பஸ் எல்லாம் வெள்ளை நிறத்தில்தான் ஓட வேண்டும் என்று கண்டிப்பாக்கியதோடு அந்த வேலை போய்விட்டது. அந்தக் கையில் இப்போது நம்பர் பிளேட் எழுதுவதைப் பார்க்க எனக்கு மனசு பொறுக்கவில்லை.

பிளாஸ்டிக் ஸ்பூன்களில் கறுப்பு லேக்கர் அடித்துக் கொண்டுபோய்க் காட்டினேன். சாரல் விழும்போது அடித்த ஸ்பூன்களில் கறுப்பின் மேல் பால் வெள்ளையாக ஒரு மங்கல். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, இது பெயின்ட் கோளாறு இல்ல. காத்துல தண்ணி கெடக்கு. தின்னர் வேகமாப் பறந்துச்சுன்னா மேல்பரப்பு குளுந்து, அந்தத் தண்ணிய இழுத்துக்கிடும். மெதுவாக் காயுத தின்னர் கொஞ்சம் சேத்து அடிங்க."

"வெளுத்துப்போனத என்ன செய்யுறது அண்ணாச்சி?"

"அதுக்கு மேலேயே வெறும் ஸ்லோ தின்னர லேசா ஊதுங்க. கரைஞ்சு, தண்ணிய வெளிய விட்டுட்டு, திரும்ப கறுப்பாயிரும்லா."

வீட்டுக்கு வந்து ஊதினேன். கண் முன்னாலேயே வெள்ளை மங்கல் கரைந்து கறுப்பு திரும்பியது. மாடல் செய்பவர்கள் ரிடார்டர் என்று சின்னக் குப்பியில் வாங்குவதும் இதே வேலைக்குத்தான். மழை நாளில் தின்னரில் பத்தில் ஒரு பங்கு ரிடார்டர் கலந்துகொள்கிறேன். காய நேரம் ஆகும், அது பரவாயில்லை.

காயவைக்கவும் ஒரு வழி செய்தேன். பழைய எவர்சில்வர் அரிசி டிரம்மைப் படுக்கவைத்து, உள்ளே 25 வாட் குண்டு பல்பு. 26 டிகிரியில் 90 சதவீத ஈரம் இருந்த அதே காற்றை 36 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 51 சதவீதம் பக்கம் இறங்கிவிடும். பிளாஸ்டிக்குக்கு அந்தச் சூடு ஒன்றும் செய்யாது. தின்னர் வாடை முழுசாகப் போன பிறகுதான் பெட்டியை உள்ளே வைக்க வேண்டும். மூடின இடத்தில் தின்னர் ஆவியும் சூடான பல்பும் சேரவே கூடாது. அடிப்பதற்கு முன்னால் கொஞ்ச நேரம் அதில் வைத்து எடுத்தாலும் நல்லது. மேல்பரப்பு வெதுவெதுப்பாக இருந்தால் ஈரம் வந்து ஒட்டாது.

முகமூடியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். என்95 பெயின்ட் தூசியைப் பிடிக்கும், தின்னர் ஆவியைப் பிடிக்காது. கரித்துகள் கார்ட்ரிட்ஜ் வைத்த அரை முகமூடி வேண்டும். சாரலுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திக்கொண்டு அடிக்கிற ஊர் இது, அதனால் இதில் சமாதானமே கிடையாது.

பெயின்ட் கலப்பது கைக்கு உடனே திரும்ப வந்தது. கப்பின் உள்சுவரில் ஏற்றிவிட்டால் காய்ச்சாத பால் மாதிரி மெல்லிய படலம் விட்டு இறங்க வேண்டும், அதுதான் பதம். நான் அடிப்பது டாமியா கம்பெனியின் அக்ரிலிக். அதற்கு லேக்கர் தின்னர் நன்றாகச் சேரும். வல்லேஹோ மாதிரித் தண்ணீர் சார்ந்த பெயின்டில் அதே தின்னரை ஊற்றினால் கட்டியாகத் திரிந்துவிடும். அழுத்தம் 15 முதல் 20 பி.எஸ்.ஐ., அதாவது ஒரு பாருக்குச் சற்று மேல்.

விரல்தான் உடனே வரவில்லை. பழைய மாதக் காலண்டர் தாளின் வழுவழுப்பான பின்பக்கத்தில் பயிற்சி செய்தேன். முதலில் புள்ளிகள், பிறகு புள்ளிகளைச் சேர்க்கும் கோடுகள், பிறகு அடர்த்தியிலிருந்து வெளிறல் வரை ஒரே இழுப்பு. கை நகர ஆரம்பித்த பிறகு பெயின்ட் வர வேண்டும், பெயின்ட் நின்ற பிறகுதான் கை நிற்க வேண்டும். காற்று எல்லாவற்றுக்கும் முன்னால் ஆரம்பித்து, எல்லாவற்றுக்கும் பின்னால் நிற்க வேண்டும். மணிக்கட்டை ஆட்டினால் கோடு வளையும். முழங்கையிலிருந்து நகர்த்தினால் நேராகப் போகும். பெயின்ட் நீர்த்துவிட்டாலோ, தாளுக்கு ரொம்பக் கிட்டப் போய்விட்டாலோ காற்று அதைத் தள்ளி நாலா பக்கமும் சிலந்திக் கால்களாக ஓடவிடும். தள்ளிப் போய்விட்டால் துளிகள் வழியிலேயே காய்ந்து, தடவினால் சொரசொரக்கும். இதில் ஒரு ஆச்சரியம்: சாரல் காலத்தில் ஊசி முனையில் பெயின்ட் காய்ந்து அடைப்பது ரொம்பக் குறைவு. சித்திரை வெயிலில் அடித்த நாட்களில் நிமிஷத்துக்கு ஒருமுறை முனையைத் துடைக்க வேண்டியிருந்தது நினைவிருக்கிறது. இந்த ஈரத்தால் ஒரு நன்மையும் உண்டு!

சரி, பெட்டிக்கு வருவோம். முதல் பூச்சு கறுப்பு பிரைமர். அதன் மேல் சிவப்பை ஒரே சீராக அடிக்காமல், ஒவ்வொரு பலகைக்குள்ளும் ஒழுங்கில்லாத கிறுக்கலாக நிரப்பினேன். விளிம்புகளில் கறுப்பு லேசாகத் தெரியும். அந்தச் சின்ன உருவத்துக்கு அதுதான் நிழல். பழைய ரயில்வே சிவப்புக்கு டாமியாவின் எக்ஸ்எஃப்-9 என்ற பழுப்புச் சிவப்பு அடிப்படை, அதில் எக்ஸ்எஃப்-7 என்ற சிவப்பு கொஞ்சம். வெயில் பட்டு வெளிறிய பகுதிகளுக்கு வெள்ளை சேர்க்கக் கூடாது, சிவப்பு ரோஸ் ஆகிவிடும். எக்ஸ்எஃப்-57 என்ற மங்கல் மஞ்சளைத் துளி சேர்த்தேன். வெயிலில் வெந்த பெயின்டின் நிறம் அப்படியே வந்தது. கடைசியாக அதே சிவப்பை ரொம்ப நீர்த்து மேலே ஒரு படலம் விட்டதும் கிறுக்கல்கள் எல்லாம் ஒன்றோடொன்று கரைந்து, ஒரே பெட்டியாக நின்றது. ஜன்னல் ஓரத்தில் மாஸ்கிங் டேப்பை உரித்தபோது கோடு கத்தியால் கீறியது போலச் சுத்தமாக இருந்தது. கீழே ரிவெட்டுகள் ஒன்று விடாமல் தெரிந்தன. அன்றைக்கு ராத்திரி விளக்கைப் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கூரைக்குச் சாம்பல் நிறம் அடித்தாயிற்று. எழுத்து ஸ்டிக்கர்கள் ஒட்ட மேல்பரப்பு வழுவழுப்பாக வேண்டும் என்பதால் எக்ஸ்-22 என்ற நிறமில்லாத கிளியரை, ரிடார்டர் கலந்து, மெல்லிசாகப் பல பூச்சாக அடித்து டிரம்முக்குள் வைத்திருக்கிறேன். அடுத்தது மழைக்கறை. மலைப்பாதையில் ஓடிய பெட்டி என்பதால் கூரை விளிம்பிலிருந்து ஜன்னல்களுக்கு இடையே அழுக்குக் கோடுகள் இறங்க வேண்டும், சக்கரங்களுக்கு மேலே பிரேக் தூசியின் பழுப்பு ஏற வேண்டும். அதற்குப் பெயின்டை இன்னும் நீர்த்து, அழுத்தத்தை 10 பி.எஸ்.ஐ.க்குக் குறைத்து, இப்போதைக்கு ஸ்பூன்களில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறேன். பிரேக் தூசி பிடிபட்டுவிட்டது. மழைக்கோடு இன்னும் அகலமாகத்தான் விழுகிறது, 0.2 மில்லிமீட்டர் ஊசியும் நாசிலும் சொல்லி வைத்திருக்கிறேன்.