கன்றின் நான்காம் வயிறு

நெதர்லாந்தின் கறவைப் பண்ணைகளுக்குக் காளைக் கன்று வேண்டாத பிறவி. பிறந்த சில வாரங்களில் கன்றிறைச்சிப் பண்ணைக்கு லாரி ஏறிவிடும். கால்நடை மருத்துவனாக, இங்கே இறைச்சிக்கூடத்தில் ஆய்வுக்காக அவற்றின் இரைப்பையின் நான்கு அறைகளில் கடைசியான நான்காம் வயிற்றைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. குடலை நோக்கிய முனையில் புண். சில வெறும் சிராய்ப்பு, சில ஆழமான பள்ளம். வெளியிலிருந்து பார்த்தால் கன்று கொழுகொழுவென்றுதான் இருந்திருக்கும்!

தாய்மடியில் கன்று நாளெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும். இங்கே பால்மாவுக் கரைசல் இரண்டே வேளை, லிட்டர் கணக்கில். வயிறு உப்பி, அதன் சுவரில் ரத்த ஓட்டம் குறைவதே முக்கியக் காரணம் என்று கருதப்படுகிறது. முரட்டு வைக்கோல் உரசினால் புண் மோசமாகலாம். அதற்காக வைக்கோலை நிறுத்தவும் கூடாது. அசைபோட ஏதுமில்லாத கன்று நாக்கைச் சுழற்றிக்கொண்டே நிற்கும்.

ஐரோப்பியச் சட்டம் 8 வாரக் கன்றுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 50 கிராம் நார்த்தீவனம், 20 வாரத்தில் 250 கிராம் என்கிறது. நம் ஊர்க் கன்று தாய்க்குப் போட்ட வைக்கோலில் இதைவிட அதிகம் இழுத்துத் தின்றுவிடும். 8 வாரம் தாண்டிய கன்றுகளுக்குத் தனிக்கூண்டு 2007இல் ஒழிந்தது. தீவனத்தில் மட்டும் இன்னும் கஞ்சத்தனம். இரும்புச்சத்து ஏறாமல் சதை வெளுப்பாக இருக்க வேண்டுமாம்.