தடி வெச்சுக் கண்டாக்குறது: இதுவரைக்கும் நிலவரம்

எங்கட பக்கம் மட்டக்களப்புக் கல்லடி, கிழக்கால கடல் மேற்கால வாவி, வளவெல்லாம் வெள்ள மணல். காலையில ஊத்துற தண்ணி கொஞ்ச நேரத்துல எங்க போச்செண்டே தெரியாது. ஆனா தடி வேர் புடிக்க இந்த மணல் உண்மையில நல்லது, தண்ணி தேங்கி அடி அழுகாது, காத்தும் உள்ள போகும். சட்டெண்டு காஞ்சு போறதுதான் பிரச்சின, அதுக்கு பாதி மணல் பாதி கொயர் டஸ்ட் (தும்புத்தூள்) கலந்து யோகட் கப்ல போட்டு அடியில ஓட்ட குத்தி வெச்சிருக்கன். கடக்கரை மணல மட்டும் அள்ளிப் போட்டுடாதீங்க, உப்பு. பசளையும் இப்ப வேணாம், வேரே இல்லாத தடிக்கு என்னத்துக்குப் பசளை.

கச்சான் காத்து, அந்த வறண்ட காத்து வீசக்குள்ள இந்த வேலையே சரிவராது. இலையால தண்ணி போய்க்கிட்டே இருக்கும், கீழ உறிஞ்சி எடுக்க வேர் இல்ல, தடி என்ன செய்யும். அதால ஐப்பசி மழை துவங்கினாப் பொறகுதான் கூடுதலா வெச்சன். பெரிய இலையெல்லாம் பாதியா வெட்டி, கப்புக்கு மேல சொப்பிங் பேக்கக் கவுத்து மாமர நிழல்ல வெச்சாச்சு. வெயில்ல வெச்சா பேக்குக்குள்ள அவிஞ்சிடும்.

செவ்வரத்தை லேசு. பென்சில் மொத்தத்துல, குருத்தும் இல்லாம சரியா முத்தலும் இல்லாம, 6 இஞ்சி நீளத்துல 3, 4 கணு இருக்கிற மாதிரி வெட்டினன். அடிப்பக்கம் கணுவுக்குக் கொஞ்சம் கீழ சரிவா, மேல்பக்கம் நேரா. எது தலை எது கால் எண்டு மாறாம இருக்கத்தான் அந்த வித்தியாசம், ஏனெண்டா இலை இல்லாத தடியத் தலைகீழாக் குத்தினா பெரும்பாலும் பட்டுப்போகும். ஏ.எல் பயோ படிச்ச ஆக்களுக்கு ஞாபகம் இருக்கும், ஒட்சின் எண்ட வளர்ச்சி ஹோர்மோன் நுனியில இருந்து கீழ இறங்கி வெட்டின இடத்துல சேரும், வேர் அங்கதான் கிளம்பும். கடையில விக்கிற ரூட்டிங் பவுடரும் அதே சாமான்தான். செவ்வரத்தைக்கு அது தேவையில்ல, போகன்விலாவுக்குப் போட்டா நல்லம், அது சரியான பஞ்சி புடிச்ச கண்டு.

இப்ப ரோசா. இதுலதான் கனபேர் ஏமாறுறது. வெச்சுக் கொஞ்ச நாள்ல கணுவெல்லாம் செவப்பாத் துளிர் விட்டிச்சு, பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால எட்டிப் பாத்து "துளிர்த்திட்டே புள்ள, எனக்கொண்டு தாவன்" எண்டாங்க. பொறுங்க மாமி எண்டன். தடிக்குள்ள முதலே சேத்து வெச்ச மாச்சத்துலதான் அந்த இலை வருது, வேர் வந்ததுக்கு அது சாட்சி இல்ல. கையிருப்பு முடியக்குள்ள வேர் இல்லாட்டி வாடி விழுந்திடும், அப்பிடியே 2 தடி போச்சு. மிச்சம் நிக்கிறத புடுங்கிப் பாக்கிறல்ல, லேசா இழுத்துப் பாக்கன், கை இழுவைக்கு வராமப் பிடிச்சிக்கிட்டு நிண்டா வேர் இருக்கு. கப்புட ஓட்டையால வெள்ளையா எட்டிப் பாத்தா இன்னும் நல்லம். அதுக்குப் பொறகும் பேக்க ஒரேயடியாக் கழட்டாம, முதல்ல பின்னேரத்துல கொஞ்சம் திறந்து விட்டு மெல்ல மெல்லப் பழக்கணும்.

மணி பிளான்ட்டப் பத்திக் கதைக்க ஒண்டுமில்ல, ஜாம் போத்தல்ல போட்டா வரும். ஒண்டே ஒண்டு, கணுவோட வெட்டணும். வெறும் இலையும் காம்பும் தண்ணியில கிடந்து வேர் விட்டாலும் புதுக் கொடி வராது. போத்தல் தண்ணியக் கிழமைக்கு ஒருக்கா எண்டாலும் ஊத்திப் போத்தலையும் தேச்சுக் கழுவுங்க, மாரியில டெங்கு நுளம்பு முட்டை போட அதுவே போதும், பீஎச்ஐ (சுகாதாரப் பரிசோதகர்) வந்து பாத்தா கண்டும் இல்ல காசும் இல்ல.

டிராகன் ஃப்ரூட் துண்டு வெட்டினதும் நடல்ல, வெட்டுவாய் காஞ்சு தோல் கட்டும் வரைக்கும் நிழல்ல போட்டு வெச்சிருக்கன். பச்சையா நட்டா அழுகும். மல்லிகைக்குத் தடியே வெக்கல்ல, கொப்ப வளைச்சு மண்ணுக்குள்ள பதி வெச்சு மேல ஒரு கல்லத் தூக்கி வெச்சாச்சு, தாய்க்கண்டு சாப்பாடு குடுக்கும், நமக்கு வேலை இல்ல. கறிவேப்பிலைக்குத் தடி வெச்சு மினக்கெட வேணாம், தாய் மரத்துக்குக் கீழ வேர்ல இருந்து வார கண்டக் கிளப்பி வெச்சாச் சரி.

மறுகா ஸ்நேக் பிளான்ட். மஞ்சள் கரை போட்டது, இலையத் துண்டு துண்டா வெட்டி மணல்ல குத்தினது, நல்லா வேர் புடிச்சு இப்ப பக்கத்தால குட்டியும் வருது, ஆனா குட்டி முழுக்கப் பச்சை, மஞ்சளே இல்ல. அது நோயில்ல, அந்தக் கரை இலைத்துண்டுல இருந்து வார குட்டிக்குப் போகாது. மஞ்சள் வேணுமெண்டா தாய்க்கண்டக் கிளப்பிக் கிழங்கோட பிரிச்சுத்தான் வெக்கணும். பச்சைக் குட்டிய மாமிக்குக் குடுக்கப் போறன், அவங்களுக்கு எந்தக் கலரெண்டாலும் சரியாம்.