அப்பாவுக்குப் பிடிக்காத பெட்ரோல் வண்டி

போன சித்திரையில் புது குட்டி லோடு வண்டியை ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டுக்குள் கொண்டுபோய் நிறுத்தினேன். லோடு இறக்குகிற அண்ணன்மார் நாலு பேர் சுற்றி நின்று, "சாவியப் போடு, சத்தம் கேப்போம்" என்றார்கள். போட்டேன். கொஞ்ச நேரம் பொறுத்து ஒருத்தர் கேட்டார்: "இன்னும் ஸ்டார்ட் ஆகலையா?"

ஆகி அரை நிமிடம் ஆகியிருந்தது. பதினஞ்சு வருசமாக டபடபவென்று அதிர்கிற டீசல் குட்டி வண்டிகளையே பார்த்தவர்களுக்கு, பெட்ரோல் வண்டி ஓடுவது காதில் ஏறவில்லை.

அப்பா வேறு மாதிரி. வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார், பின் டயரைக் காலால் ஒரு தட்டு தட்டினார். "இத எடுத்துக்கிட்டு பாச்சலூர் போ. அப்பத் தெரியும்." பாச்சலூர் எங்கள் பக்கத்து மலை ஊர். அவ்வளவுதான். ரெண்டு நாள் பேச்சே இல்லை.

எங்கள் பழைய வண்டி 2009 மாடல் டீசல். எந்தக் கம்பெனி என்று எழுதப்போவதில்லை, வண்டியைக் குறை சொல்ல இந்தப் பதிவு இல்லை. அப்பா அதை எடுத்த காலத்தில் டீசலா பெட்ரோலா என்ற கேள்வியே கிடையாது. 2005-ல் டாடா ஏஸ் வந்தபோது 702 சிசி, ரெண்டு சிலிண்டர், டீசல். அப்புறம் 2011-ல் ஓசூரிலிருந்து அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது, அதுவும் டீசல். விலையும் அப்படி இருந்தது. பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை அரசாங்கம் 2010 ஜூனில் கைவிட்டது, டீசல் விலையை 2014 அக்டோபர் வரை பிடித்து வைத்திருந்தது. இடையில் 2012-ல் பெட்ரோல் எழுபது ரூபாய்க்கு மேலே, டீசல் ஐம்பதுக்குக் கீழே. லிட்டருக்கு இருபது, இருபத்தஞ்சு ரூபாய் மிச்சம் என்றால் எவன் பெட்ரோல் வண்டி வாங்குவான்? அப்பாவின் கணக்கு அந்தக் காலத்துக்கு நூற்றுக்கு நூறு சரி.

நான் வண்டி எடுத்த வாரம் எங்கள் பக்கத்து பங்கில் பெட்ரோல் 101 ரூபாய் சொச்சம், டீசல் 93. வித்தியாசம் எட்டரை ரூபாய்.

சரி, மைலேஜ்? அங்கே டீசலுக்குத்தான் மார்க். பழைய வண்டி லோடோடு லிட்டருக்குச் சராசரியாக 18 கிலோமீட்டர் கொடுத்தது, புதுசு 15 கொடுக்கிறது. டீசல் ஏன் கூடக் கொடுக்கிறது என்பதற்குப் பாதிக் காரணம் எங்கள் மார்க்கெட்டிலேயே இருக்கிறது. கத்தரிக்காயைக் கூடைக் கணக்கில் வாங்கினால், நெருக்கி அடுக்கின கூடையில் சரக்கு அதிகம், எடை போட்டால்தான் தெரியும். ஒரு லிட்டர் டீசல் சுமார் 830 கிராம், பெட்ரோல் சுமார் 740 கிராம். நாம் எடை போட்டா வாங்குகிறோம்? லிட்டர் கணக்கில் வாங்குவதால் டீசலில் எரிகிற சரக்கே பத்து சதவீதத்துக்கு மேல் கூட. மீதிக் காரணம் என்ஜின் வேலை செய்கிற விதம். பெட்ரோலில் ஸ்பார்க் பிளக் தீ வைக்கிறது. டீசலில் காற்றையே கிட்டத்தட்ட இருபதில் ஒரு பங்காக அமுக்கி, அந்தச் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ள வேண்டும். அவ்வளவு அமுக்கம் தாங்க என்ஜின் கனமாக இருக்கணும், பம்பும் இன்ஜெக்டரும் நுணுக்கமாக இருக்கணும். மிச்சமும் அங்கேதான், செலவும் அங்கேதான்.

என் நோட்டிலிருந்து எழுதுகிறேன். கிலோமீட்டருக்கு டீசல் செலவு 5 ரூபாய் 17 காசு. பெட்ரோல் 6 ரூபாய் 77 காசு. ஆக, ஓட்டுகிற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் எனக்கு 1 ரூபாய் 60 காசு நட்டம். நான் மாதம் ஓட்டுவது 1,250 கிலோமீட்டர். நட்டம் 2,000 ரூபாய்.

எனக்கு வந்த கொட்டேஷனில் டீசல் வண்டி 1,20,000 ரூபாய் கூட இருந்தது. நாலு வருசக் கடனில் அது மாதத் தவணையில் மூவாயிரம் சொச்சம் ஏற்றும். ரெண்டாயிரம் மிச்சம் பிடிக்க மூவாயிரம் கட்டுவதா? மாதம் 1,900 கிலோமீட்டர் பக்கம் ஓட்டினால்தான் ரெண்டும் சமம் ஆகிறது. கடன் முடிந்த பிறகு டீசல்காரன் முந்துவான், அதை மறைக்கவில்லை. ஆனால் அஞ்சாவது வருசத்தில்தான் பம்பு, நாசில் வேலைகளும் வரிசையாக வந்து நிற்கும். பழைய வண்டியில் அந்த வேலைக்கு நான் அழுத பணம் எனக்குத்தான் தெரியும்.

இந்தக் கணக்கு போட்டும் மனசு ஆடிக்கொண்டுதான் இருந்தது. முடிவு செய்ய வைத்தவர் எங்கள் மெக்கானிக் அண்ணன். "தம்பி, ஒரு நாளைக்கு எத்தன தடவ சாவி போடுற?" என்றார். சிரித்தேன். மறுநாள் எண்ணிப் பார்த்தேன், இருபத்திரண்டு. ஒரு தோட்டத்தில் தக்காளி ஏற்றி அணைப்பது, மூணு கிலோமீட்டர் தள்ளி முருங்கைக்கு நிறுத்துவது, மண்டி வாசலில் வரிசையில் நிற்பது. என்ஜின் சூடு ஏறுவதற்குள் அணைத்துவிடுகிறேன்.

2020 ஏப்ரல் 1-லிருந்து பிஎஸ் 6, அதாவது புதுப் புகைக் கட்டுப்பாட்டு விதி. அதற்குப் பிறகு வருகிற பல டீசல் வண்டிகளில் புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கிற ஃபில்டர் இருக்கிறது. பிடித்த கரியை எரித்துத் தள்ள அறுநூறு டிகிரி பக்கம் சூடு வேண்டும். நீளமான ரோட்டில் அரை மணி நேரம் ஓடினால் அதுவாகவே எரித்துக்கொள்ளும். என்னை மாதிரி மூணு கிலோமீட்டருக்கு ஒரு தடவை அணைத்தால் கரி சேர்ந்து, டேஷ்போர்டில் விளக்கு எரிந்து, வண்டி இழுக்காமல் முரண்டு பிடிக்கும். அப்படி முரண்டு பிடித்த ஒரு வண்டி அன்றைக்கு அண்ணன் பட்டறையிலேயே நின்றிருந்தது. அதை ஓட்டுபவர் தண்ணி கேன் போடுகிறவர். தெருத்தெருவாக நிற்கிற வேலை.

கம்பெனிகளும் இதே கணக்கைத்தான் போட்டிருப்பார்கள் போல. 2016-ல் 793 சிசி டீசலோடு வந்த மாருதி சூப்பர் கேரி இப்போது பெட்ரோலிலும் சிஎன்ஜியிலும்தான். ஏஸிலேயே 694 சிசி பெட்ரோல் வந்துவிட்டது. சிஎன்ஜி பற்றி யாராவது கேட்பீர்கள்: கிலோமீட்டர் செலவு குறைவுதான், ஆனால் கேஸ் வரிசையில் நிற்கிற நேரத்தில் என் கத்தரிக்காய் வாடிவிடும்.

இனி மலை. வாரத்தில் ரெண்டு தடவை வடகாடு வழியாகப் பாச்சலூர் ஏறுகிறேன். ஏறும்போது உர மூட்டை, இறங்கும்போது சௌசௌவும் வாழைத்தாரும். அப்பா சொன்னது ஏறும்போது உண்மை. பழைய வண்டி ரெண்டாவது கியரில் முனகிக்கொண்டே, ஆனால் விடாமல் ஏறும். டீசல் மெதுவாகச் சுற்றும்போதே இழுவையைக் கொடுத்துவிடும். புது வண்டியில் வளைவுக்கு முன்னாலேயே கியரைக் குறைத்து, ரேஸ் கொடுத்து, என்ஜினைக் கத்தவிட வேண்டும். முதல் வாரம் பழைய பழக்கத்தில் ஒரு கொண்டை ஊசி வளைவில் ரெண்டாவதிலேயே திருப்பினேன். நடு வளைவில் வண்டி அணைந்துபோச்சு. பின்னால் பஸ். கண்டக்டர் இறங்கி வந்து சக்கரத்துக்குக் கல் வைத்தார். அந்த நிமிடம் அப்பா பக்கத்து சீட்டில் இல்லாதது கடவுள் புண்ணியம்.

இறங்கும்போது நான் எதிர்பார்க்காத ஒன்று. டீசல்தான் இறக்கத்தில் பிடித்து நிறுத்தும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், நானும் நம்பினேன். ஆனால் பெட்ரோல் என்ஜினில் காலை எடுத்தால் காற்று போகிற வழியே மூடிக்கொள்கிறது. மூச்சை அடைத்த மாதிரி என்ஜின் திணறி வண்டியைப் பிடிக்கிறது. டீசலில் அப்படி மூடி கிடையாது, அமுக்கின காற்று ஸ்பிரிங் மாதிரி பிஸ்டனைத் திருப்பித் தள்ளிவிடுகிறது. ரெண்டாவது கியரில் விட்டால் சௌசௌ லோடோடு பிரேக்கை எப்போதாவதுதான் தொடுகிறேன். என் லோடு மலையிலிருந்து இறங்குகிற லோடு, ஏறுகிற லோடு அதில் கால்வாசிகூட இல்லை. இதை அப்பாவிடம் சொன்னேன். "பிரேக்க ஒழுங்கா பாத்து வச்சுக்க" என்றார்.

மச்சான் விஷயம் வேறு. அவர் ராத்திரி முருங்கையும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு பாலக்காடு தாண்டிப் போய் விடியக்காலம் திரும்புகிறார். போக வர முந்நூறு கிலோமீட்டருக்குக் குறையாது. அவர் ஒன்றரை டன் டீசல் பிக்கப் எடுத்தார். அவரிடம் போய் என் நோட்டைக் காட்டினால் வண்டியை ஏற்றிவிடுவார். அவர் ஒரு வாரத்தில் ஓட்டுவது எனக்கு ஒன்றரை மாதம்.

ஒரு தொல்லை மட்டும் இன்னும் தீரவில்லை. லோடு வண்டி என்றாலே டீசல் என்று பங்க் பையன்களின் கையில் பதிந்துவிட்டது. ஆனி மாதம் ஒரு நாள் நான் காசு எண்ணிக்கொண்டிருந்தபோது ரெண்டு லிட்டர் டீசல் உள்ளே போய்விட்டது. நல்லவேளை, சாவி போடவில்லை. தள்ளி ஓரமாக நிறுத்தி, மெக்கானிக் அண்ணன் வந்து டேங்கைக் கழற்றி வடித்தார். வடித்ததைக் கேனில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

கேனைப் பார்த்துவிட்டு அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் தோட்டத்து மோட்டார் ரூமுக்குப் போய் மீந்துபோன சிவப்புப் பெயிண்டை எடுத்து வந்தார். டேங்க் மூடிக்குப் பக்கத்தில் குனிந்து, கை நடுக்கத்தோடு பெரிசாக எழுதினார்: "பெட்றோல்". எழுத்துப்பிழையைச் சொன்னேன். "படிக்கிறவனுக்குப் புரியும், போ" என்றார். இடம் மிச்சம் இருந்ததால் கீழேயும் ஒரு வரி சேர்த்தார்: "மலைக்கு ஒன்னாவது கியர்."