கடைசியாக நின்றது முதலில் எழ வேண்டும்

மூன்று சர்வர்களைச் சேர்த்து ஒரு கிளஸ்டராக ஓட்டுவதே, ஒன்று படுத்தாலும் மற்ற இரண்டும் வேலையைத் தாங்கிக்கொள்ளும் என்பதற்காகத்தான். பேட்ச் போடுவதோ டிஸ்க் மாற்றுவதோ, ஒவ்வொன்றாக இறக்கி ஏற்றிவிடலாம். வெளியே யாருக்கும் தெரியாது. அதனால் மூன்றையும் சேர்த்து நிறுத்த வேண்டிய நாள் எப்போதாவதுதான் வரும். எப்போதாவது வருவதாலேயே, அந்த வேலை பெரும்பாலான டீம்களுக்குக் கைவந்திருக்காது.

மதுரையில் நான் வேலை பார்க்கும் மருத்துவமனைக்கு அப்படி ஒரு நாள் வந்தது. சர்வர் அறையின் யூபிஎஸ் பேட்டரிகளை மொத்தமாக மாற்ற வேண்டும். மூன்று நோடுகளும், அதாவது கிளஸ்டரின் மூன்று சர்வர்களும், அதே அறையில், அதே யூபிஎஸ்ஸில் இருந்தன. மரியாடிபி என்ற டேட்டாபேஸில் ஓடும் கலேரா கிளஸ்டர் அது; ஒன்றில் எழுதுவதை மூன்றிலும் ஒரே மாதிரி வைத்திருப்பது கலேராவின் வேலை. ஓபி டோக்கன், லேப் ரிசல்ட், பார்மசி பில், வார்டு மருந்துக் கணக்கு எல்லாமே அதற்குள்தான்.

நாள் குறிப்பதற்கே யோசிக்க வேண்டியிருந்தது. ராமநாதபுரம், தேனி பக்கத்து ஆட்கள் முதல் பஸ்ஸைப் பிடித்து மாட்டுத்தாவணியிலோ ஆரப்பாளையத்திலோ இறங்கி, விடிந்தும் விடியாமலும் டோக்கன் வரிசையில் நின்றுவிடுவார்கள். திங்கட்கிழமைக் கூட்டத்தைச் சொல்லவே வேண்டாம். ஆகவே ஞாயிறு இரவு ஒத்துவராது, சனி இரவுதான். பேட்டரிக்காரர்கள் முதலில் கொடுத்த தேதி சித்திரைத் திருவிழாவுக்குள் விழுந்தது. அழகர் ஆற்றில் இறங்கும் சமயத்தில் கோரிப்பாளையம் பக்கம் லோடு வண்டி நுழைய முடியாது. ஊரே திரண்டு நிற்கும்போது கேஷுவாலிட்டியில் சிஸ்டம் இல்லை என்று சொல்லவும் கூடாது. தள்ளிப்போட்டோம்.

டேட்டாபேஸை நிறுத்தப் போகிறவர்கள் நேராக டேட்டாபேஸில் கை வைக்கிறார்கள். நான் வெளியிலிருந்து உள்ளே வருவேன். முதலில் அதில் எழுதுபவர்கள் எல்லோரும் நிற்க வேண்டும். எழுதுபவர்கள் என்றால் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர்கள் மட்டுமல்ல. லேப் மிஷினிலிருந்து ரிசல்ட்டை இழுத்துப் போடும் புரோகிராம், எஸ்எம்எஸ் அனுப்பும் வேலை, நள்ளிரவில் தானாக எழும் ரிப்போர்ட், பேக்கப். இவையெல்லாம் யார் கண்ணிலும் படாமல் ஓடிக்கொண்டிருக்கும். அன்று பேக்கப்பை முன்கூட்டியே எடுத்து, இன்னொரு மிஷினில் ரீஸ்டோர் செய்து திறந்து பார்த்தோம். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

எல்லாம் நின்றதாகச் சொன்ன பிறகும், முடியாத டிரான்சாக்‌ஷன் ஏதாவது இருக்கிறதா என்று, மரியாடிபிக்குள் டேட்டாவைச் சேமிக்கும் பகுதியான இன்னோடிபியின் பட்டியலில் பார்த்தேன். ஒன்று திறந்தே இருந்தது. ஒரு கமாண்டில் வெட்டிவிடலாம். டேட்டாபேஸும் பாதி எழுதியதை ஒழுங்காக ரோல்பேக் செய்து பழைய நிலைக்குக் கொண்டுபோய்விடும். ஆனால் அது எந்த கம்ப்யூட்டர் என்று பார்த்தால் ஐசியூ. போன் போட்டேன். “ரெண்டு நிமிஷம் சார், இந்த பேஷன்ட்டோட மருந்த ஏத்திட்டிருக்கேன்” என்றார் சிஸ்டர். காத்திருந்தோம். அந்த வரி தானாகப் பட்டியலிலிருந்து மறைந்த பிறகுதான் அடுத்த வேலை.

இனி நோடுகள். ஒவ்வொன்றாக, முறைப்படி நிறுத்த வேண்டும். ஒரு நோடு சொல்லிக்கொண்டு வெளியேறினால், மீதியுள்ளவை எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டு தொடர்ந்து வேலை செய்யும். கடைசி ஒன்று தனியாக இருந்தாலும் செய்யும். கரண்ட் போய் இரண்டு ஒரே நேரத்தில் காணாமல் போனால் கதை வேறு. மூன்றாவதற்குப் பெரும்பான்மை இல்லை. அது எழுதவும் படிக்கவும் மறுத்துவிடும்.

ஒவ்வொரு நோடிலும் கிராஸ்டேட் என்று ஒரு சின்ன ஃபைல் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போது அதில் வரிசை எண் -1 என்றுதான் இருக்கும். ஒழுங்காக நின்றால், எந்த எண் வரை எழுதி முடித்தது என்பது அதில் பதிவாகும். கடைசியாக நின்ற நோடில் மட்டும் ‘சேஃப் டு பூட்ஸ்ட்ராப்’ (இதிலிருந்து கிளஸ்டரைத் துவக்கலாம்) என்ற வரிக்கு எதிரே 1 இருக்கும், மற்றவற்றில் 0. யாரிடம் முழுக் கணக்கும் இருக்கிறது என்பதற்கு அந்த 1தான் சாட்சி. திரும்ப எழுப்பும்போது முதலில் எழ வேண்டியதும் அந்த நோடுதான். ஆக, விடியற்காலை எதை முதலில் எழுப்புவது என்பதை இரவிலேயே, நிறுத்தும் வரிசையை வைத்தே முடிவு செய்துவிடுகிறோம். மூன்று எண்களையும் பேனாவால் தாளில் எழுதி, ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன். எல்லாம் நின்ற பிறகு, நெட்வொர்க்கில் வைத்திருக்கும் குறிப்பை எங்கிருந்து திறப்பது? அதனால்தான் தாள்.

இன்னொன்றும் செய்தோம். மிஷினுக்குக் கரண்ட் வந்ததும் மரியாடிபி தானாகக் கிளம்பாதபடி மூன்றிலும் நிறுத்திவைத்தோம். முழுக் கிளஸ்டரும் நின்றிருக்கும்போது ஒவ்வொன்றும் மற்றதைத் தேடிக்கொண்டு நிற்பதில் பயனில்லை.

எனக்குத் தெரிந்த வேறொரு இடத்தில் நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். அங்கே கரண்ட் போய் நோடுகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்துவிட்டன. மூன்றிலும் 0தான் இருந்தது. அவசரத்தில் ஒருவர் கைக்குக் கிடைத்த நோடில் 0-வை 1 ஆக்கிக் கிளப்பிவிட்டார். அது பின்தங்கிய நோடு. முன்னேறியிருந்த நோடு சேர வந்தபோது, ‘என் எண் குழுவின் எண்ணைவிடப் பெரியது, நிலை பிரிந்துவிட்டது’ என்று பிழை காட்டி நின்றது. டேட்டா போய்விடக் கூடாது என்று அது தானே நின்றுகொண்ட இடம் அது. ஆனால் அதே பிழைச் செய்தி, தொடர விரும்பினால் கிராஸ்டேட் ஃபைலை அழித்துவிட்டு மறுபடி துவக்கு என்றும் சொல்லும். அவர்கள் அழித்தார்கள். பழைய கணக்கு புதிய கணக்கின்மேல் முழுதாகக் காப்பி ஆனது. மூன்று நோடுகளிலும், எந்த எண் வரை எழுதியது என்று காட்டும் ரெக்கவரியை ஓட்டி, எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க பெரும்பாலும் சில நிமிடம்தான் ஆகும். அதைப் பார்க்காமல் அந்த 1-ஐ யாரும் கையால் எழுதக் கூடாது என்பதில் நான் கறாராக இருக்கிறேன்.

பேட்டரி வேலை முடிந்தது. சுவிட்ச் முதலில், பிறகு மிஷின்கள், பிறகு தாளில் இருந்தபடி கடைசியாக நின்ற நோடில், கிளஸ்டரைப் புதிதாகத் துவக்கும் ‘கலேரா நியூ கிளஸ்டர்’ கமாண்ட். அந்த கமாண்ட் ஒரே நோடில், ஒரே தடவை. இன்னொன்றிலும் கொடுத்தால் இரண்டு தனித்தனிக் கிளஸ்டர்கள் பிறந்துவிடும். மற்ற இரண்டையும் சாதாரணமாகத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும், அதுவும் ஒன்று ‘சிங்க்டு’ ஆன பிறகு, அதாவது மற்றவற்றோடு கணக்கு ஒத்துப்போன பிறகு, அடுத்தது. எழுதுவதை முழுக்க நிறுத்திவிட்டு இறக்கியிருந்ததால் எண்களில் பெரிய இடைவெளி இல்லை. முழுக் காப்பி தேவைப்படாமல் சட்டென்று சேர்ந்துகொண்டன.

இதற்குள் பார்மசியில் பில்லை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். முதல் நோடு எழுந்ததுமே திறந்துவிட்டால் என்ன என்று மேலே கேட்டார்கள். வேண்டாம் என்றேன். தனியாக நிற்கும் நோடில் எழுத ஆரம்பித்தால், அது ஒன்று கெட்டால் எழுதியதற்கு வேறு பிரதி இல்லை. மூன்றும் வந்து, கிளஸ்டர் சைஸ் 3 என்று பார்த்து, ஒரு நோடில் எழுதிய சோதனை வரி மற்ற இரண்டிலும் தெரிந்த பிறகுதான் லேப், அப்புறம் பார்மசி, கடைசியாக மற்றவை. ஆரம்பத்தில் திரைகள் கொஞ்சம் மந்தமாக இருக்கும், மெமரியில் டேட்டா ஏறும் வரை. அதையும் முன்பே சொல்லிவைத்திருந்தோம்.

பார்மசி பொறுப்பாளர் அண்ணன் ஒருவர், முடியெல்லாம் நரைத்தவர். “தம்பி, சிஸ்டம் வந்துருச்சுன்னு அங்கிட்டு இங்கிட்டு யாராவது சொன்னா நோட்ட மூடமாட்டேன். நீங்களே வந்து சொல்லணும்” என்று இரவே சொல்லியிருந்தார். நேரில் போய்ச் சொன்னேன். நோட்டில் இருந்த கடைசி பில்லை அவரே ஏற்றினார், இருப்புக் கணக்கு குறைந்ததா என்று பார்த்தார், அப்புறம்தான் மூடினார். எங்கள் சோதனைப் பட்டியலில் அந்த இருப்புக் கணக்கையும் சேர்த்துக்கொண்டோம்.

ஒரே அறையில் மூன்று நோடுகளையும் வைத்ததுதான் இத்தனைக்கும் காரணம் என்று நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்தேன். ஒத்துக்கொண்டார்கள். மூன்றாவது நோடு இப்போது அடுத்த பிளாக்கில், தனி யூபிஎஸ்ஸில் ஓடுகிறது. நோடுகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் 4567, 4568, 4444 போர்ட்டுகளை இரண்டு அறைகளுக்கு நடுவே திறந்துவிட்டிருக்கிறோம். அடுத்த முறை பேட்டரி மாற்றும்போது இங்கே இருக்கும் இரண்டை மட்டும் முறைப்படி இறக்கினால் போதும், மருத்துவமனை ஒற்றை நோடில் ஓடும். அந்த ஒற்றை நோடுக்குத் துணை இல்லை என்பதால், இறக்குவதற்கு முன் புதிதாக ஒரு பேக்கப் எடுத்துத் திறந்து பார்க்க வேண்டும் என்று தாளில் ஒரு வரி கூடியிருக்கிறது.