இறுகும் முதுகோடு மன அழுத்தத்தைக் கையாண்ட விதம்

எனக்கு இருப்பது முதுகெலும்பு மூட்டுகளில் அழற்சியை உண்டாக்கும் அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்ற நோய் என்று எம்ஆர்ஐ படம் உறுதிசெய்வதற்குச் சில ஆண்டுகள் முன்பே வலி தொடங்கிவிட்டது. பின்னிரவில் இடுப்பின் அடிப்பகுதியில் எழும் வலி தூக்கத்தைக் கலைக்கும். விடிந்த பின்பும் வெகுநேரம் முதுகு வளையாது. ஆனால் அலுவலகத்தில் நடமாடத் தொடங்கிய பிறகு என்னைப் பார்ப்பவருக்கு நோயாளி என்றே தோன்றாது. "இந்த வயதில் என்ன முதுகுவலி?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்லி அலுத்துப்போயிருந்ததால், நோயின் பெயர் தெரிந்த அன்று உண்மையில் நிம்மதியாகவே இருந்தது. முதுகெலும்புகள் ஒன்றோடொன்று இணைந்து மூங்கில்போல் ஆகக்கூடும் என்று படித்ததும் அந்த நிம்மதி போய்விட்டது. எல்லா நோயாளிகளுக்கும் அந்த நிலை வருவதில்லை என்று மருத்துவர் பிறகுதான் சொன்னார்.

மூட்டுவாத மருத்துவர் ஒவ்வொரு முறையும் நோயின் தீவிரத்தை அளக்கும் பாஸ்டாய் என்னும் கேள்வித்தாளைத் தருவார். இங்கிலாந்தின் பாத் நகரில் உருவாகி 1994-இல் வெளியான அதில் ஆறு கேள்விகள் உள்ளன. களைப்பு, முதுகுவலி, பிற மூட்டுகளின் வலி, தொட்டால் நோகும் இடங்கள், காலை இறுக்கத்தின் கடுமை, அது நீடிக்கும் நேரம் ஆகியவற்றுக்குச் சுழியம் முதல் பத்து வரை மதிப்பிட வேண்டும். மனநிலையைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. இருந்தும், இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி அளவு மாறாத மாதங்களிலும் வேலை நெருக்கடி இருந்தால் என் மதிப்பெண் ஏறியதைக் கவனித்த மருத்துவர், என்னை உளவியல் ஆலோசகரிடம் அனுப்பினார்.

என்னால் மாற்றக்கூடியவை, மாற்ற முடியாதவை என இரண்டு பட்டியல்கள் எழுதும்படி ஆலோசகர் சொன்னார். அலுவலகம் செல்லும் நேரம் முதல் பட்டியலில் இருந்தது. மேலாளரிடம் கேட்டேன், ஒரு மணி நேரம் தள்ளி வர அனுமதி கிடைத்தது. நோய் எந்த அளவுக்கு முற்றும் என்பது இரண்டாவது பட்டியலுக்குப் போயிற்று. சொல்வதற்கு எளிதாகத் தெரியும் இம்முறையில் எனக்குக் கடினமாக இருந்தது வேறொன்று. மனம் சோரும்போது யாரையும் பார்க்காமல் படுத்துக்கொள்ளவே தோன்றும். ஆனால் இந்நோயில் ஓய்வு இறுக்கத்தைக் கூட்டும், அசைவே அதைக் குறைக்கும். "நன்றாக ஓய்வெடு" என்று அன்போடு சொல்லும் உறவினர்களிடம் இதைப் புரியவைப்பது இன்னும் சிரமம். எனவே மனம் சரியாகட்டும் என்று காத்திராமல், வெந்நீரில் குளித்து, முதுகை நீட்டும் பயிற்சிகளைச் செய்துவிட்டு நடக்கக் கிளம்பிவிடுகிறேன். பெரும்பாலான நாட்களில் மனம் பின்னால் வந்து சேர்ந்துகொள்கிறது. அம்மா கோயிலுக்கு நேர்ந்துகொண்டதை நான் தடுக்கவில்லை, ஏனெனில் அவருடைய பதற்றத்துக்கும் ஏதாவது வழி வேண்டுமே.

வலிநிவாரண மாத்திரைகள் போதாமல் போனதால், இப்போது அழற்சியை அடக்கும் அடலிமுமாப் ஊசியைப் பற்றி மருத்துவர் பேசுகிறார். வழக்கமாக இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை போட வேண்டிய அந்த ஊசி, உறங்கிக்கிடக்கும் காசநோயை எழுப்பக்கூடும் என்பதால் முதலில் அதற்கான பரிசோதனையைச் செய்யச் சொல்லியிருக்கிறார். ஊசியின் செலவை இரண்டாவது பட்டியலில் எழுதியிருந்தேன். சென்ற வாரம் அதை அடித்துவிட்டு முதல் பட்டியலில் சேர்த்து, காப்பீட்டு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன்.