மூணு வருஷ கேஸ் மாத்திரையை விட்ட கதை

காலைல எந்திரிச்சதும் பான்டொபிரசோல் 40 மி.கி. (வயித்துல ஆசிட் சுரக்குறதைக் குறைக்கிற மாத்திரை), அப்புறம்தான் பல்லு விளக்குறதே. டாக்டர் எழுதிக் குடுத்தது என்னமோ ரெண்டு வாரத்துக்குத்தான். அதுக்கப்புறம் மெடிக்கல்ல போய் "அண்ணே, அதே கேஸ் மாத்திரை ஒரு அட்டை"ன்னு நானே வாங்கி மூணு வருஷம் ஓட்டிட்டேன். கால் மரத்துப் போகுதேன்னு டெஸ்ட் எடுத்தா வைட்டமின் பி12 கம்மி. நான் முட்டை கூட தொடமாட்டேன், அதோட ஆசிட் கம்மியானா சாப்பாட்டுல இருக்குற பி12ம் சரியா பிரிஞ்சு வராதாம்.

ரோஷத்துல அன்னைக்கே நிறுத்திட்டேன். மூணாம் நாள் நைட்டு எரிஞ்சுது பாருங்க நெஞ்சு, ஹார்ட் அட்டாக்னு வீட்ல எல்லாரும் பயந்து போய் ஈசிஜி எடுத்து, அது நார்மல்னு வந்தப்புறம்தான் கேஸ்ட்ரோ டாக்டர்ட்ட போனோம். மாத்திரை ஆசிட்டை அமுக்கி வைக்க வைக்க உடம்பு கேஸ்ட்ரினை, அதாவது ஆசிட் சுரக்கச் சொல்ற ஹார்மோனை, ஏத்திக்கிட்டே இருக்கும், டக்குனு விட்டா முன்ன இருந்ததை விட அதிகமா சுரக்கும், அடங்க சில வாரம் ஆகும்னாரு. எண்டோஸ்கோபிக்கு முன்னாடி ரெண்டு வாரம் மாத்திரை போடக் கூடாது, போட்டா வயித்துல புண்ணை உண்டாக்குற ஹெச் பைலோரி கிருமி இருந்தாலும் இல்லைன்னு காட்டிடுமாம். ஆன்டாசிட் சிரப்பை வச்சே சமாளிச்சேன், நரகம். டெஸ்ட் சும்மா சொல்லக் கூடாது, தொண்டைல ஸ்ப்ரே அடிச்சு அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிருச்சு. கிருமி இல்ல, புண்ணும் இல்ல. மறுபடி 40, நாலு வாரம் 20, அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள்னு குறைச்சோம். (அல்சர் இருந்தவங்க, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடுறவங்க, என்னைப் பாத்து நீங்களா விட்றாதீங்க.)

உண்மைல கஷ்டம் சாப்பாட்டு நேரத்துலதான். நான் ஆபீஸ் முடிஞ்சு பத்தரைக்கு தின்னுட்டு பதினொன்னுக்கு படுக்குற ஆளு. இப்போ ஏழரைக்கு டப்பால கொண்டு போன ரெண்டு சப்பாத்தியை ஆபீஸ்லயே முடிச்சுடுறேன், வீட்டுக்கு வந்தா ஒரு டம்ளர் மோர், அவ்ளோதான். கட்டில் தலைமாட்டுக் காலுக்கு கீழ செங்கல் வச்சேன், இடது பக்கம் ஒருக்களிச்சு படுக்கப் பழகுனேன். வலது பக்கம் படுத்தா இப்பவும் தொண்டை வரைக்கும் புளிக்கும்.

அடுத்து நார்ச்சத்து. ஒரு நாளைக்கு 30 கிராம் வேணும்னாங்க, கணக்குப் போட்டா 100 கிராம் வெள்ளைச் சோத்துல அரை கிராம் கூட இல்ல, அதே எடை கொய்யால அஞ்சு கிராம் இருக்கு. உடனே மூணு வேளையும் சுண்டல்னு ஆரம்பிச்சு வயிறு மத்தளம் மாதிரி ஆகி மீட்டிங்ல உக்கார முடியல. அப்புறம் வாரத்துக்கு ஒண்ணா கூட்டுனேன், முதல்ல கொய்யா, அப்புறம் கீரை, அப்புறம் ஒரு கைப்பிடி சுண்டல்.

பழைய சோறுதான் எல்லாத்துக்கும் மருந்துன்னு அம்மா. கூட கடிச்சுக்க சின்ன வெங்காயம் இல்லாம எப்படின்னு அதையும் சேத்து தின்னா ஒரே கேஸ். பாவம் பழைய சோத்தைத் திட்டி ஒரு மாசம் ஒதுக்கி வச்சிருந்தேன், ஒரு நாள் வெங்காயம் தீந்து போய் வெறும் மோர் ஊத்தி சாப்பிட்டப்பதான் தெரிஞ்சுது குற்றவாளி பச்சை வெங்காயம்னு. வதக்கிப் போட்டா கொஞ்சம் பரவால்ல.

இன்னைக்கு மாத்திரை விட்டு ஏழு மாசம். காபியை மட்டும் விட முடியல, வெறும் வயித்துல குடிக்காம இட்லிக்கு அப்புறம்னு தள்ளி வச்சிருக்கேன். போன வாரம் ஒரு ரிசப்ஷன்ல ஒம்பதரைக்கு பந்தி, காளிஃபிளவர் சில்லிய பாத்ததும் எல்லாம் மறந்து போச்சு, நைட்டு ஒரு மணி வரைக்கும் சோபால உக்காந்தே இருந்தேன்.